குருசும் குடமும்

எந்த வாகனத்தில் ஏறினாலும் நான் முதலில் கவனிப்பது காலடியில் வரும் அதிர்வைத்தான். மகள் பிறக்கவிருந்த அன்று வைத்தியசாலைக்குப் போகும் வழியில், வாடகை வானின் தரையில் உள்ளங்காலை அழுத்திப் பார்த்துவிட்டுச் சாரதியிடம், "அண்ணன், கீழ ஏதோ அடிக்குது. குருசு போயிற்றுப் போல" என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்தார். "ரீச்சர், நீங்க புள்ளயப் பாருங்க. வான நான் பாக்கிறன்" என்றார். என் கணவர் வெட்கத்தில் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு விசாரித்ததில் அந்த வானின் குருசு நன்றாகத்தான் இருந்ததாம். எனக்குப் பயம் வந்தால் உலகத்தில் எல்லாமே அதிர்வது போலத்தான் இருக்கும்.

குருசு என்ற அந்தச் சொல்லை எனக்குத் தந்தவர் அப்பா. அப்போது எனக்கு எட்டு வயது இருக்கலாம். சரியாக எந்த வகுப்பில் படித்தேன் என்று அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டால், "அதெல்லாம் உனக்கென்னத்துக்கு இப்ப, புள்ளைக்குச் சோறு குடுத்தாச்சா?" என்கிறார். ஆகவே, நினைவில் உள்ளபடியே எழுதுகிறேன். சில இடங்களில் பிறகு கேட்டதும் முன்பு கண்டதும் கலந்திருக்கலாம்.

எங்கள் ஊர் மண்டூருக்கும் மேற்கே, வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிகளுக்கு நடுவில், வாவியின் படுவான்கரையில் இருந்தது. வைத்தியசாலையும் சந்தையும் பெரிய கடைகளும் வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில், களுவாஞ்சிக்குடியில் இருந்தன. இடையில் பாதை. பாதை என்று நாங்கள் சொல்வது தெருவை அல்ல. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான இரும்பு மிதவையை. அக்கரையில் இறங்கியதும் ஆமிக்காரரின் காவலரண். போகும்போதும் பையைத் திறந்து காட்டவேண்டும், திரும்பும்போதும் காட்டவேண்டும். பற்றறி, பசளை உரம், வாகனச் சாமான்கள் எங்கள் கரைக்கு வரக்கூடாது. ஏன் வரக்கூடாது என்று எனக்குத் தெரியாது. மழை கிழக்கிலிருந்து வரும், பற்றறி வராது. அவ்வளவுதான் எனக்கு விளங்கியிருந்தது.

அப்பா சண்டைக்கு முன்பு பஸ் ஓட்டியவர். பஸ் நின்றபிறகு வயலுக்குப் போனார். ஆனால் கை சும்மா இருக்காது. யாரோ கைவிட்ட ஒரு பழைய ஜீப்பை மாட்டை விட்டு இழுத்துக்கொண்டுவந்து எங்கள் வளவுத் தென்னைகளுக்கு நடுவே நிறுத்தி வைத்திருந்தார். நான் அதற்குள் இருந்துதான் வீட்டுப்பாடம் செய்வேன். கோழிகள் பின் இருக்கையில் முட்டையிடும். அது ஒருநாள் ஓடும் என்று அப்பாவைத் தவிர யாரும் நம்பவில்லை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அதற்கு 'கோழிக்கூடு' என்று பெயர் வைத்திருந்தார்.

அம்மா மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சியானதும் அப்பா கோழிகளைத் துரத்தினார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு அடுத்து ஒரு தங்கச்சி வந்திருக்கவேண்டும். அம்மாவுக்கு வலி வந்த அன்று ஊரில் இருந்த ஒரே வாகனம் ஓர் உழவு இயந்திரம். எங்கள் ஊரில் அதை மெசின் என்போம். மெசின் பெட்டியில் வைக்கோல் போட்டு அம்மாவைக் கிடத்தி, குண்டும் குழியுமான வாய்க்கால் கட்டால் பாதைத்துறைக்குக் கொண்டு போனார்கள். துறைக்குப் போய்ச்சேரவில்லை. நடுவழியில் ஒரு மருதமரத்தின் கீழே பிள்ளை பிறந்தது, அழவில்லை. குலுக்கல்தான் காரணம் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. அப்பாதான் அப்படி முடிவு செய்துகொண்டார். அடுத்த பிள்ளை ஜீப்பில்தான் பாதைக்குப் போகும் என்றும் முடிவு செய்துகொண்டார். இவையெல்லாம் எனக்குப் பின்னாளில் தெரிந்தவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், தங்கச்சி வாங்கப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள் என்பது.

ஜீப்பின் சொந்த எஞ்சின் செத்து வெகுகாலம். வாய்க்காலுக்குள் கவிழ்ந்து கிடந்த ஒரு சின்ன லொறியின் எஞ்சினை அப்பாவும் மாமாவும் கழற்றி வந்து ஜீப்புக்குள் இறக்கினார்கள். மண்ணெண்ணெய் கலந்து ஊற்ற, அது கரும்புகையோடு ஓடியது. ஊரே கூடிக் கைதட்டியது. ஆனால் ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது.

"எஞ்சின் கிறுகுது, சில்லு கிறுகுதில்லையே மச்சான்" என்றார் மாமா.

"நடுவில ஒண்டும் இல்லாம எப்படிக் கிறுகும்? வாயால ஊதியா?" என்றார் அப்பா.

நடுவில் இருக்கவேண்டியது சாப்ட். எஞ்சினின் சுழற்சியைப் பின்சில்லுக்குக் கொண்டுபோகும் நீளமான இரும்புத் தண்டு. லொறியின் சாப்ட் நீளம் அதிகம், நடுவில் வளைந்தும் போயிருந்தது. ஜீப்பின் சாப்ட் உப்புக்காற்றில் உக்கிக் கையோடு உதிர்ந்தது. இந்த எஞ்சினுக்கும் இந்த ஜீப்புக்கும் பொருந்துகிற சாப்ட் உலகத்தில் எந்தக் கடையிலும் இல்லை. ஏனென்றால் இப்படி ஒரு வாகனமே உலகத்தில் இல்லை. இதை அப்பா கவலையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். லொறியின் ஒரு முனை, ஜீப்பின் ஒரு முனை, நடுவே ஒரு நேரான குழாய். வீட்டிலேயே செய்துவிடலாம் என்றார்.

குழாய் கிடைப்பது லேசாக இருக்கவில்லை. கிணற்றுக் குழாய் மெல்லிசு, முறுகிவிடும். கூடாரக் கம்பி நேரில்லை. அப்பா ஊர் முழுக்க இரும்பைத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டு திரிந்தார். கடைசியில் அவர் கண் போய் நின்றது பிள்ளையார் கோயில் முற்றத்தில். ஒலிபெருக்கி கட்டுவதற்கு ஒரு தடித்த இரும்புக் குழாயை நட்டு வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து அரிசி ஆலை ஒன்றிலிருந்து வந்ததாம். ஊரில் மின்சாரம் போனபிறகு அதில் காகம்தான் இருந்து கத்தும்.

கோயில் பொறுப்பு வண்ணக்கரிடம். வெள்ளை வேட்டி, பெரிய தொந்தி, எதற்கும் முதலில் இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு யோசிக்கிற மனிதர்.

"புள்ளையார்ர குழாயைப் புடுங்கிக் கோழிக்கூட்டுக்குப் பூட்டவா கேக்காய்?" என்றார்.

"என்ட பொஞ்சாதிக்கு மாசம் கிட்டுது வண்ணக்கர்" என்றார் அப்பா.

வண்ணக்கர் குழாயை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "ஜெனரேற்றரும் வேணுமா?" என்று கேட்டார். திருவிழாவுக்கு வெளிச்சம் போட வைத்திருந்த கோயில் ஜெனரேற்றர் இல்லாமல் வெல்டிங் செய்ய முடியாது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. "தாறன். ஆனா ஒண்டு. பூட்டுறதுக்கு முதல் பூசை வைக்கோணும். புள்ளையாருக்கும் அதில ஒரு பங்கு இரிக்கி."

குழாய் வந்துவிட்டது. இனிக் குருசு.

சாப்டின் இரண்டு முனையிலும் நான்கு கை உள்ள ஓர் இரும்புத் துண்டு இருக்கும். கையை விரித்துக்கொண்டு நிற்கிற பொம்மை மாதிரி. வண்டி குழியில் விழுந்து எழும்பினாலும் தண்டு முறியாமல் வளைந்துகொடுப்பது அதனால்தான். கராஜ்காரர் அதற்கு வேறு இங்கிலீசுப் பெயரெல்லாம் சொல்வார்கள். அப்பாவுக்கு அது குருசு. பழைய குருசு இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. புதிதாக அக்கரையிலிருந்துதான் வரவேண்டும். அப்பா போனால் கேள்வி வரும், இளம் வயது மாமா போனால் பிடித்துவைத்துக்கொள்வார்கள், திரும்பியே வரமாட்டார் என்று பயந்தார்கள். மாதாமாதம் கிளினிக்குக்குப் போய்வருகிறவர் அம்மா ஒருவர்தான்.

யார் முதலில் சொன்னது என்று எனக்குத் தெரியாது. அம்மாதான் சொன்னார் என்று அப்பா கடைசிவரை சொன்னார். அப்பாதான் கேட்டார் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். நான் கண்டது இவ்வளவுதான்: அப்பா பழைய குருசின் அளவுக்கு ஒரு தென்னை ஈர்க்கை வெட்டி, அம்மாவின் கொண்டைக்குள் செருகிவிட்டார். பூ வைத்துவிடுகிறவர் மாதிரி அவ்வளவு கவனமாக.

கிளினிக் முடிந்து அம்மாவும் நானும் சந்தைக்குப் பின்னால் இருந்த பழைய இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் காத்தான்குடி முஸ்லிம் ஆள், எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். வெள்ளைத் தொப்பி, கையெல்லாம் கறுத்த எண்ணெய். அம்மா கொண்டையிலிருந்து ஈர்க்கை உருவி நீட்டினார்.

"என்னகா தங்கச்சி, எல்லாரும் சாமானோட வந்து சாமான் கேப்பாங்க. நீங்க விளக்குமாத்தோட வந்திருக்கிறீங்க" என்றார் காக்கா.

"இந்த நீளத்துக்கு ரெண்டு வேணும் காக்கா. குருசு."

காக்கா ஈர்க்கையும் பார்த்தார், அம்மாவின் வயிற்றையும் பார்த்தார். உள்ளே போய்ப் பெட்டி பெட்டியாகக் கிளறி, ஒவ்வொன்றாக ஈர்க்கோடு வைத்துப் பார்த்தார். இரண்டைத் தேர்ந்து, எண்ணெய்த் தாளில் சுற்றித் தந்தார். "கிளினிக்கில என்ன தந்தவங்க?" என்று கேட்டார். அம்மா சத்துமாப் பையைக் காட்டினார். "அதுக்குள்ள போடுங்க. அல்லா லேசாக்கித் தருவான்" என்றார். அவர் லேசாக்கித் தருவான் என்றது பிள்ளைப்பேற்றையா காவலரணையா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

காவலரணில் பெண்களைச் சோதிக்க ஓலைத் தடுப்புக்குள் ஒரு பெண் இருந்தார். அம்மா உள்ளே போய் வரும்வரை நான் வெளியே நின்றேன். பைகளை மேசையில் வைத்து ஓர் இளம் சிப்பாய் பார்த்தான். முகத்தில் பருக்கள். மற்றவர்களின் பைகளை மேலோட்டமாகத் தட்டி அனுப்பியவன், சத்துமாப் பையைத் தூக்கியதும் நிறுத்தினான். மறுபடி தூக்கிப் பார்த்தான்.

"என்ன இருக்கு?"

"மா" என்றார் அம்மா.

"மா... பாரம்" என்றான் அவன்.

அம்மா வாய் திறக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அம்மாவுக்கு அந்தச் சாமானின் பெயர் மறந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். வகுப்பில் ஆசிரியர் கேட்கும்போது பக்கத்துப் பிள்ளைக்கு விடை தெரியாவிட்டால் நான் கை தூக்குவேனே, அதேபோல ஓர் அடி முன்னே வந்து, உரத்த குரலில் சொன்னேன்:

"குருசு!"

"குருசு?"

அவன் பையின் வாயை அவிழ்த்து, மாவுக்குள் கையை விட்டுத் துழாவி, ஒன்றை எடுத்தான். எண்ணெய்த் தாள் கிழிந்திருந்தது. மா அப்பி, வெள்ளை வெளேரென்று, நான்கு கையையும் விரித்துக்கொண்டு குருசு அவன் உள்ளங்கையில் கிடந்தது. அவன் சிங்களத்தில், "குருசய?" என்றான். எனக்கு ஆச்சரியம். அவர்களுடைய மொழியிலும் அதற்கு அதே பெயரா! அப்பா சரியாகத்தான் சொல்லித் தந்திருக்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலையை ஆட்டினேன்.

அவன் சட்டைக் கழுத்துக்குள் விரலை விட்டு ஒரு நூலை இழுத்தான். நூலில் ஒரு சின்ன வெள்ளிச் சிலுவை. அதைப் பார்த்தான், கையில் இருந்ததைப் பார்த்தான், அம்மாவின் நெற்றியில் இருந்த குங்குமத்தையும் வயிற்றையும் பார்த்தான். பெருவிரலால் குருசின் ஒரு கையை மெல்ல உருட்டினான். அது எண்ணெயில் வழுக்கிச் சுழன்றது.

"பள்ளிக்கா?" என்று கேட்டான். சேர்ச்சை அவன் மொழியில் பள்ளி என்றுதான் சொல்வான் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

"ஓம்" என்றார் அம்மா. சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது.

அவன் குருசை மாவுக்குள் மறுபடி வைத்து, பையை இறுக்கிக் கட்டி, என் கையில் தந்தான். அம்மாவிடம் அல்ல, என்னிடம். "நல்லா எண்ணெய் போடு" என்றான்.

விளக்குக்கு எண்ணெய் போடச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். சாமி சம்பந்தப்பட்டது என்றால் எண்ணெய் விளக்குத்தானே. பல வருடங்கள் கழித்து, ஒருநாள் பிள்ளைகளின் கணக்குக் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தபோது, எந்தத் தொடர்பும் இல்லாமல் அந்தப் பெருவிரல் நினைவுக்கு வந்தது. சிலுவையின் கையை யாராவது உருட்டிப் பார்ப்பார்களா? எங்கோ தன் ஊரில் தகப்பனோடோ அண்ணனோடோ லொறிக்குக் கீழே படுத்த பையனாக இருக்கவேண்டும் அவன். பேனையை வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். ஆனால் அதுவும் என் ஊகம்தான்.

பாதையில் ஏறியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கை கடகடவென்று அதிர்ந்தது. பாதையின் மோட்டார் கொடுக்கிற அதிர்வு என்று நினைத்து, பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கரையைப் பார்த்து நின்றேன். நான் சொன்ன சொல்லால்தான் சாமான் கரை சேர்ந்தது. துறையில் காத்து நின்ற மாமாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். மாமா என்னைத் தோளில் தூக்கிவைத்து ஊருக்குள் கொண்டுபோனார். "குருசுக்காரி வாறா, வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டே போனார். அம்மா பின்னால் நடந்து வந்தார். அப்பாவிடம் அவர் என்ன சொன்னாரோ, அன்று முழுவதும் அப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தார்.

வளவில் சாப்ட் உருவானதை நான் ஒரு நாளும் மறக்கமாட்டேன். ஜெனரேற்றர் தென்னைமரத்தடியில் நின்று உறுமியது. மாமா கறுத்த கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வெல்டிங் செய்தார். வண்ணக்கர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, பிள்ளையாரின் குழாயை வீணாக்குகிறார்களா என்று காவல் இருந்தார். அப்பா இரண்டு கவட்டைத் தடியை நட்டு, தண்டை அதன்மேல் கிடத்திக் கையால் சுழற்றிவிட்டு, ஒரு வெண்கட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பார். எங்கே தண்டு துருத்துகிறதோ அங்கே மட்டும் வெண்கட்டி படும். அங்கே சுத்தியலால் ஒரு தட்டு. மறுபடி சுழற்றுவார். கடைசியில் வெண்கட்டி தண்டைச் சுற்றி ஒரே சீராக, வளையல் போட்ட மாதிரி ஒரு கோடு போட்டது. அப்பா எழும்பி நின்று, எங்களை எல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பஸ்ஸில் இருந்த காலத்திலும் அவரை அவ்வளவு உயரமாக நான் கண்டதில்லை.

சாப்ட் ஒரே துண்டு அல்ல. ஒரு முனை மற்றதற்குள் நுழைந்து நீண்டு சுருங்கும்படி இருக்கும். கழற்றிப் பூட்டும்போது குருசைப் பிடிக்கிற இரண்டு முனையின் கவடும் ஒரே பக்கம் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் வண்டி முழுக்க அதிரும் என்பதற்காக, அப்பா வெண்கட்டியால் இரண்டிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். "மச்சான், பொட்டுக்குப் பொட்டு நேரா வெச்சுப் பூட்டு" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்த இடைவெளியில் வண்ணக்கர் பூசையை முடித்துவிட்டார். திருநீறு, தேங்காய், கற்பூரம். சாப்டின் நெற்றி என்று அவருக்குத் தோன்றிய இடங்களிலெல்லாம் சந்தனமும் குங்குமமும். எனக்கும் அது மிக வடிவாகத்தான் தெரிந்தது.

முதல் ஓட்டத்துக்கு அப்பா ஒரு செப்புக்குடத்தில் கழுத்தளவு தண்ணீர் எடுத்துவந்து பின் இருக்கையில் வைத்தார். அதற்கென்றே தும்பு அடைத்துத் தைத்த புதிய மெத்தை அங்கே போட்டிருந்தது. இருக்கை நடுவில், விழாதபடி இரண்டு பக்கமும் தலையணை. எங்கள் ஊரில் நல்ல காரியம் எதுவென்றாலும் வாசலில் நிறைகுடம் வைப்பார்கள். புது வாகனத்துக்கு நிறைகுடம் வைக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோசம். ஓடிப்போய் மாவிலை பிடுங்கி வந்து குடத்தின் வாயில் செருகினேன். அப்பா அதை அப்படியே விட்டுவிட்டார். "பக்கத்தில இரு மகள். தண்ணியையே பாத்துக்கொண்டிரு" என்றார்.

ஜீப் ஓடியது! கோழிக்கூடு தன் காலில் ஓடியது. தெருவெல்லாம் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள். ஆனால் வேகம் கூடக்கூட தரை முழுதும் அதிர்ந்தது. என் பற்கள் ஒன்றோடொன்று அடித்தன. குடத்துத் தண்ணீர் அடுப்பில் வைத்த மாதிரிக் கொதித்தது. மாவிலை ஆடி, தண்ணீர் வழிந்து, மெத்தையெல்லாம் ஈரம். சந்தி வரை போய் அப்பா திருப்பிவிட்டார். வளவுக்குள் நிறுத்தியதும் இறங்கி முதலில் பார்த்தது எஞ்சினை அல்ல, மெத்தையைத்தான். ஈரத்தின்மேல் கையை வைத்தபடி நின்றார். வாசலில் நின்ற அம்மா உள்ளே போய்விட்டார்.

"மெத்தை காயும் அப்பா" என்றேன் நான்.

அப்பா ஜீப்புக்குக் கீழே ஊர்ந்து போனார். பிறகு கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"மச்சான், எந்தப் பொட்டைப் பாத்துப் பூட்டினாய்?"

"நீங்க சொன்ன பொட்டைத்தான். நடுவில வடிவா இருந்திச்சே."

"என்ன நிறம்?"

மாமா யோசித்தார். "சந்தன நிறம்."

"அது வண்ணக்கர்ர பொட்டுடா! என்ட பொட்டு வெள்ளை!"

மாமா வண்ணக்கரைப் பார்த்தார். வண்ணக்கர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "அப்ப புள்ளையார்ர பொட்டிலயா பிழை?" என்றார் கோபமாக.

"புள்ளையாரில பிழை இல்ல" என்றார் அப்பா வெளியே வந்து, முகமெல்லாம் மண். "புள்ளையார் பொட்டு வெச்சது கும்பிட. நான் வெச்சது பூட்ட." சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமாவும் சிரித்தார். கொஞ்சம் தாமதித்து வண்ணக்கரின் தொந்தியும் குலுங்கியது. உள்ளேயிருந்து அம்மாவின் சிரிப்புச் சத்தமும் கேட்டது. அந்த மாதங்களில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

கழற்றி, வெள்ளைக்கு வெள்ளை நேராக வைத்துப் பூட்டினார்கள். அப்பா குடத்தை மறுபடி நிரப்பினார். நான் புது மாவிலை வைத்தேன். இந்தமுறை பாதைத்துறை வரைக்கும் போனோம். குழியில் இறங்கும்போது தண்ணீர் ஒருதரம் அலைந்து அடங்கியது, ஏறும்போது ஒருதரம். ஆனால் கொதிக்கவில்லை. என் பற்கள் அடிக்கவில்லை. "இன்னும் சிந்தல்ல அப்பா! இன்னும் சிந்தல்ல!" என்று நான் வழியெல்லாம் கத்திக்கொண்டு போனேன். வாய்க்கால் கட்டில் ஒரு மருதமரத்தடியில் அப்பா ஜீப்பை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. திரும்பிக் குடத்தைப் பார்த்தார். தண்ணீரின் மேல் மரத்தின் நிழல் அசையாமல் கிடந்தது. எஞ்சின் சூடாகிவிட்டதாக்கும், ஆறட்டும் என்று நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் மறுபடி கியரைப் போட்டார்.

அதற்குப் பிறகு அந்த ஜீப் எத்தனையோ பேரைப் பாதைக்குக் கொண்டுபோனது. பாம்பு கடித்தவர்கள், காய்ச்சல்காரப் பிள்ளைகள், பிள்ளைத்தாய்ச்சிகள். சத்தம் கேட்டாலே கோழிக்கூடு வருகிறது என்று வட்டையில் நிற்பவர்கள் விலகி வழிவிடுவார்கள். முதலில் போனவர் எங்கள் அம்மா. ஒரு விடியற்காலையில் போனார். தம்பியோடு திரும்பி வந்தார். தம்பி இன்று ஆறடி உயரம். அவனைக் காணும்போதெல்லாம் மாமா, "டேய், பூட்டினது நான்தான்டா" என்பார். எந்தப் பொட்டைப் பார்த்து என்று நாங்கள் கேட்போம்.

இப்போது என் மகளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போகும்போது நினைத்துப் பார்க்கிறேன். என்னிடம் தொலைபேசி இருக்கிறது, கூப்பிட்டால் அம்புலன்ஸ் வரும், தெருவெல்லாம் தார். அப்படியிருந்தும் ஒரு தும்மலுக்கு நான் நடுங்குகிறேன். வயிற்றில் ஒன்றும் கையில் ஒன்றுமாக, மாவுக்குள் இரும்போடு அந்த மேசைக்கு முன்னால் நான் நின்றிருப்பேனா? நின்றிருக்கமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. பிறகு, அம்மாவும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருப்பார் என்றும் தோன்றுகிறது.

அன்று அந்த இரண்டாவது ஓட்டம் முடிந்து துறையிலிருந்து வளவுக்குத் திரும்பி வந்தபோது அம்மா வாசலில் நின்றார். அப்பா இறங்கி, குடத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்து அம்மாவிடம் காட்டினார். அம்மா தண்ணீரைப் பார்த்தார். மெத்தையைத் தொட்டுப் பார்த்தார், உலர்ந்திருந்தது. பிறகு, ஒரு கையால் கதவைப் பிடித்து, மறுகையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மெல்ல ஏறி, அந்த இரண்டு தலையணைகளுக்கும் நடுவில் சாய்ந்து இருந்தார். அப்பா குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே, "சரியா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நிறைகுடம் வைத்த இடத்தில் ஏறி இருக்கலாமா? வழியெல்லாம் ஒரு சொட்டும் சிந்தாமல் நான் காவல் காத்து வந்த இடம். மாவிலையைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"அம்மா, எழும்புங்க! அது குடத்துட இடம்!"

அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

"ஓம் மகள்" என்றார். "அதுதான் இரிக்கன்."

அவர் எழும்பவே இல்லை. நான் அப்பாவிடம் முறையிட்டேன். அப்பாவும் என் பக்கம் பேசவில்லை.